ஓடியது போதும், இனி நில்

ஆஸ்திரேலியாவில் பிறந்த ரேஸ் குதிரையின் வலது தோளைத் தடவிப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். மேலே ஓர் எண், அதன் கீழே ஓர் எண் என்று முத்திரை போட்டிருப்பார்கள். கீழே இருப்பது அது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். மேலே இருப்பது அந்தப் பண்ணையில் அந்த ஆண்டு பிறந்த குட்டிகளில் அது எத்தனையாவது என்பது. இடது தோளில் பண்ணையின் சொந்த முத்திரை இருக்கும். ஈப்போ ரேஸ் கிளப் லாயத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாமா முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பல ஆண்டுகள் கழித்து, ரேஸிலிருந்து கழித்துவிட்ட குதிரைகளைச் சவாரிப் போட்டிகளுக்குப் பழக்கும் வேலைக்கு வந்தேன். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குதிரையின் தோளையும் முதலில் தடவுவது அப்போது பழக்கமாகிவிட்டது. 5 வயது, 6 வயது, மிஞ்சினால் 8. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் வாழக்கூடிய பிராணி அது. 'முடிந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பிய குதிரைக்கு ஆயுளில் முக்கால் பங்கு மீதி இருந்தது.

எங்கள் ஈப்போ கிளப்பான பேராக் டர்ஃப் கிளப் 1886-இல் தொடங்கிய பழைய கிளப். சிங்கப்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக் என்று நான்கு கிளப்புகள் மலாயன் ரேசிங் அசோசியேஷனில் சேர்ந்து முறை வைத்து ரேஸ் நடத்திய காலத்தில் நான் வேலைக்குப் போனேன். ஒரு வாரம் ஈப்போ, இன்னொரு வாரம் பினாங்கு, பிறகு கோலாலம்பூர். குதிரையோடு, அதைப் பார்த்துக்கொள்ளும் சைஸும் லாரியில் ஏறுவான். குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவை. அவற்றுக்குத் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, தேய்த்துக் குளிப்பாட்டி, கயிறு பிடித்து நடத்தியவர்களில் தோட்டத்திலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர். பத்திரிகையில் குதிரையின் பெயர் வரும், ஜாக்கியின் பெயர் வரும், டிரெய்னரின் பெயர் வரும். எந்தக் காலைத் தூக்கினால் அந்தக் குதிரை காதை மடக்கும் என்று தெரிந்தவனின் பெயர் வராது. இதைப் பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். தங்கச்சிக்குத் தலை வாரிச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அப்பா நாலைந்து மாடுகள் வளர்த்தார். மாட்டுக்குப் பின்னால் போனால் குரல் கொடுத்துவிட்டுப் போ, பயந்த மாட்டின் கண்ணை நேராகப் பார்க்காதே, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று அவர் சொன்னதெல்லாம் பிறகு குதிரைக்கும் அப்படியே பொருந்தியது. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். சில தோட்டங்கள் அப்படித் தப்பின. எங்களுடையது தப்பவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்குப் பிறகு வீடமைப்பு வந்தது. லயத்தை இடித்தபோது மாமா என்னை ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். "மாடு பார்த்தவன்தானே, குதிரையும் பார்ப்பே," என்றார்.

ரேஸ் குதிரையின் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் அதை மாற்றுவது ஏன் கடினம் என்று புரியும். விடியற்காலை இருட்டில் சேணம் கட்டி டிராக்குக்குக் கொண்டுபோவோம். ஓடி வந்ததும் நடத்தி மூச்சை ஆற்றி, குளிப்பாட்டி, மணலில் புரளவிட்டு, லாயத்தில் அடைப்போம். மாலையில் கொஞ்ச நேரம் நடை. மீதி நேரமெல்லாம் நான்கு சுவருக்குள் நிற்கும். ஓட்ஸ் நிறையப் போகும், புல் குறைவு. இப்படித் தின்று இப்படி நிற்பதால் வயிற்றில் புண் வருவது உலகம் முழுக்க ரேஸ் குதிரைகளுக்குச் சகஜம். நம் நாட்டு வெக்கையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு ஒரு கட்டத்தில் வியர்வையே நின்றுவிடும். ஓடி வந்த பிறகும் தோல் காய்ந்து கிடக்கும், மூக்கு விரிந்து விலா ஏறி இறங்கும். வியர்க்காத குதிரையால் உடம்புச் சூட்டை இறக்க முடியாது. "இதுக்கு வேர்க்கலே" என்று சைஸ் சொன்னால் லாயமே பரபரக்கும். குழாய்த் தண்ணீர், மின்விசிறி, நிழல். முதலில் கண்டுபிடிப்பவன் எப்போதும் சைஸ்தான், ஏனென்றால் தினமும் அந்த முதுகைத் துடைப்பவன் அவன்.

ரேஸிலிருந்து கழிக்கப் பொதுவாக மூன்று காரணங்கள். முன்னங்காலின் பின்பக்க நரம்பு வீங்கி, பக்கவாட்டில் பார்த்தால் வில்லாகப் புடைத்திருக்கும். அல்லது ஓட்டத்தின்போது நுரையீரலில் ரத்தம் கசிந்து மூக்கில் வரும். அல்லது உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், வேகம் மட்டும் போதாது. என் கையில் வந்தவற்றில் மூன்றாவது வகைதான் சவாரிக்கு மிக நல்ல குதிரைகளாக ஆயின.

மாமா இறந்த பிறகு நான் ரேஸ் வேலையை விட்டேன். ஈப்போவுக்கு வெளியே பழைய தோட்டம் ஒன்றின் மிச்சத்தில் ஒரு சீன அம்மா சவாரிப் பள்ளி நடத்திவந்தார். பின்னால் சுண்ணாம்பு மலை. முன்னால் லாலாங் புல் மண்டிய நிலம். இரண்டு வரிசை ரப்பர் மரங்கள் இன்னும் நின்றன, தோட்டத்து மாரியம்மன் கோயிலும் நின்றது. லயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் தெரிந்தது. 'மேடம்' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மலாயில் பேசிக்கொள்வோம். குதிரை விஷயத்தில் அவர் அடிக்கடி சொல்வது 'பெலான் பெலான்', மெதுவாக. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அங்கே பல வருடம் இருந்தேன் என்று சொல்லலாம்.

கருப்பன் வந்தது அங்கேதான். ரேஸ் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். கருஞ்சிவப்பு நிறம், விதையடித்த ஆண் குதிரை, 6 வயது. கால் சுத்தம், மூச்சு சுத்தம். கடைசி ஓட்டங்களில் பின்னால் வந்ததால் கழித்துவிட்டார்கள்.

பழக்குவது என்றால் உடனே சேணம் கட்டி ஏறுவது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சில மாதங்கள் நாங்கள் ஏறவே இல்லை. ஓட்ஸைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புல்லைக் கூட்டினோம். ரேஸுக்கு அடிக்கும் மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றினோம். பிறகு வேலி போட்ட நிலத்தில் விடவேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது: ரப்பர் விதைகளைப் பொறுக்குவது. ரப்பர் விதையில் விஷம் உண்டு, தின்றால் உள்ளே சயனைடாக மாறும். தோட்டத்தில் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை. விதை விழும் பருவம் முழுக்கக் காலையில் விதைகளைச் சருகோடு சேர்த்துக் கூட்டி அள்ளினேன். அந்த மரத்தடிகளில்தான் யாரோ ஒருவருடைய அம்மா மங்கு கவிழ்த்து ஒட்டுப்பால் உரித்திருப்பார் என்று நினைத்தபடியே கூட்டினேன்.

அவிழ்த்துவிட்டதும் கருப்பன் மேயவில்லை. வேலியை ஒட்டி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. பசியோடு இருந்தும் தலையைத் தாழ்த்தவில்லை. விடியற்காலையில், டிராக்குக்குப் போகும் நேரத்தில், கேட்டருகே வந்து நின்று கனைக்கும். எத்தனையோ வருடமாக அந்த நேரத்தில் யாராவது வந்து கூட்டிப்போவார்கள், இப்போது யாரும் வரவில்லை. கிழட்டுப் போனி ஒன்றைத் துணைக்கு விட்டோம். போனி மேய்ந்தது. கருப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு ஒருநாள் மழை விட்ட சாயங்காலம் அதுவும் தலையைக் கீழே போட்டது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து வேலியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார், வெகுநேரம் பேசவில்லை.

நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ரேஸ் குதிரை நிற்காது. டிராக்கில் ஜாக்கி ஏறும்போது குதிரை நடந்துகொண்டேயிருக்கும். அவர் முழங்காலை மடக்குவார், நாம் கணுக்காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவோம், முதுகில் எடை விழுந்ததும் குதிரை அப்படியே போய்விடும். அதற்குத் தெரிந்த ஒரே விதி, ஆள் ஏறினால் போகவேண்டும் என்பது. சவாரிப் பள்ளியில் 12 வயதுப் பிள்ளை மரப்படி மேல் நின்று, அங்கவடியில் ஒரு காலை வைத்து, தடுமாறி ஏறும். அதுவரை குதிரை கல்லாக நிற்கவேண்டும். எனவே மரப்படியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்றால் கழுத்தைச் சொறிந்துவிடுவேன். நகர்ந்தால் ஒரு சுற்று நடத்தித் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவேன். அடியில்லை, அதட்டலில்லை. மாட்டுக்கு அப்பா கொடுக்கும் அதே 'ஹோ...' மட்டும். பிறகு படியில் நானே ஏறி நின்றேன். பிறகு சேணத்தின் மேல் கையை ஊன்றினேன். பிறகு வயிற்றைச் சாய்த்துப் படுத்தேன். ஏறி உட்கார்ந்த அன்றும் போகச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே சொறிந்துவிட்டு இறங்கிவிட்டேன். ஆள் ஏறியும் ஓடவேண்டியதில்லை என்பது ஒரு குதிரைக்குப் புரியும்போது அதன் முதுகு தொய்ந்து இளகுவது நமக்குத் தொடையில் தெரியும்.

அடுத்தது வாய். இதில்தான் உயிர்ப் பயம் இருக்கிறது, பெற்றோர்கள் கவனிக்கவேண்டும். ரேஸில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குதிரை அதில் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கும், அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. பயந்துபோன பிள்ளை என்ன செய்யும்? கடிவாளத்தை இழுக்கும். பிள்ளை 'நில்' என்று சொல்கிறது, குதிரைக்கு 'ஓடு' என்று கேட்கிறது. ரேஸ் குதிரை கெட்ட குதிரை, தூக்கிக்கொண்டு ஓடிவிடும் என்று பேர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இதுதான். குதிரையின் மேல் தப்பே கிடையாது. கடிவாளத்தை விட்டுக்கொடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குரலால் நிறுத்தப் பழக்கவேண்டும். இழுத்தால் தளரவேண்டும் என்ற பாடத்தை அது மறந்து மறந்து கற்றுக்கொள்ளும். முழுசாகக் கற்கும்வரை சின்னப் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றக்கூடாது. மேடம் இதில் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. பணம் கட்டிவிட்டு அவசரப்பட்ட பெற்றோரை அவர் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

காலும் அப்படியே. ஜாக்கி முழங்காலை மடக்கி மேலே உட்காருவார். சவாரிக்காரரின் கால் விலாவைத் தழுவிக் கீழே தொங்கும். அந்தத் தொடுகை கருப்பனுக்குப் புதிது, முதலில் தேள் கொட்டியதுபோலத் துள்ளியது. வட்டத்தில் பழக்க நீளக் கயிறு போட்டு ஓட்டினால் ஒரு பக்கம் அழகாக வரும், மறுபக்கம் கட்டையாக வரும். ஒரே பக்கமாகத் திரும்பியே வளர்ந்த உடம்பு அது. மறுபக்கத் தசை வளர மாதக்கணக்கில் நடையும் மெல்லோட்டமும்தான் மருந்து. தரையில் கட்டைகளைப் போட்டுத் தாண்ட வைத்ததெல்லாம் சுலபமாகவே நடந்தது. தாண்டுவது அதற்குப் பிடித்திருந்தது.

சத்தம்தான் பெரிய மலை. போட்டி நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கி இருக்கும். ஒலிபெருக்கி, கூட்டம், மணி மூன்றும் சேர்ந்தால் ரேஸ் குதிரைக்கு அது ரேஸ் நாள். ஸ்டார்டிங் கேட் மணியோடு திறக்கும். அந்த மணிக்குப் பாய்வதற்காகவே அதை வளர்த்தார்கள். கட்டை தாண்டும் போட்டியிலும் நடுவர் மணி அடிப்பார், 45 விநாடிக்குள் தொடங்கவேண்டும். மணி கேட்டதும் கருப்பன் பாய்ந்தால் மேலிருக்கும் பிள்ளையின் கதி என்ன?

இதற்கு எங்களுக்கு உதவியது மாரியம்மன். தோட்டம் போய்விட்டாலும் தோட்டத்து ஜனங்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். ஈப்போவின் புந்தோங்கிலிருந்து வருவார்கள், கோலாலம்பூரிலிருந்து வருவார்கள். திருவிழாவுக்கு முன்னால் பையன்கள் சாயங்காலத்தில் உறுமி மேளம் பழகுவார்கள். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு தொடர்ந்து ஓடும். மேடத்திடம் அனுமதி வாங்கி, கருப்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சத்தம் லேசாகக் கேட்கும் தூரத்தில் மேயவிட்டேன். காது முன்னும் பின்னும் திரும்பும், மேய்ச்சல் நிற்கும், பிறகு தொடரும். மேய்ச்சல் நிற்காத அன்று கொஞ்சம் முன்னால் போனேன். நிற்கிற அன்று பின்னால் வந்தேன். திருவிழா நெருங்கியபோது நாங்கள் கோயில் மதில் பக்கம் இருந்தோம். உறுமி அடிக்கும் பையன்கள் கருப்பனுக்காகவே ஒரு தரம் மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். ரப்பர் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தத்துக்குக்கூடத் துள்ளிய குதிரை, உறுமிக்கு நின்று புல் தின்றது.

கோயிலில் முனியாண்டிக்கு ஒரு வெள்ளைச் சுதைக் குதிரை உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எங்கள் தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, எங்கிருந்தோ பிள்ளைகளோடு வந்திருந்தவர், கருப்பனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நெற்றியில் விபூதி இட்டார். குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது. கையை அங்கே கொண்டுபோனால் பல குதிரைகள் தலையைத் தூக்கும். கருப்பன் தூக்கவில்லை. "சாமி குதிரைடா, நல்லா வெச்சுக்க," என்றார் பாட்டி. எத்தனையோ நிபுணர்கள் எனக்குச் சொன்ன அறிவுரைகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

முதல் போட்டி ஈப்போவுக்குப் பக்கத்திலேயே, சவாரிப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய சின்ன நிகழ்ச்சி. கட்டை தாண்டுவது வேண்டாம், நடையும் மெல்லோட்டமும் மட்டும் உள்ள தொடக்க நிலை டிரெஸ்ஸாஜ் போதும் என்று மேடம் முடிவு செய்தார். 20 மீட்டருக்கு 40 மீட்டர் மைதானம். சுற்றிலும் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்புவது, எங்கே வட்டம் போடுவது என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் பத்துக்கு மதிப்பெண் போடுவார். ஏறப்போவது 14 வயதுப் பெண், ஈப்போவில் ஒரு டாக்டரின் மகள். வாய் அதிர்ந்து பேசாதவள், கையும் அப்படித்தான். அதனாலேயே அவளைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் நாளே குதிரையைக் கொண்டுபோய் அங்கே தங்கவைத்தேன். மைக் சோதனை நடக்கும்போது கயிற்றில் பிடித்துச் சுற்றி நடத்தினேன். இரவு லாயத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் குளிப்பாட்டி, குளம்புக்கு எண்ணெய் தடவி, பிடரி மயிரை ஊசி நூல் கொண்டு சின்னச் சின்னச் சடையாகப் பின்னி உருட்டிக் கட்டினேன். மற்ற பள்ளிகளின் சைஸ்கள் வந்து பார்த்தார்கள். "யாருண்ணே சொல்லிக் குடுத்தா?" என்று ஒரு தம்பி கேட்டான். தங்கச்சி சடையில் பழகிய கை என்று சொன்னேன்.

சூடேற்றும் மைதானத்தில்தான் ஆபத்து. பல குதிரைகள் பக்கத்தில் பாய்ந்து போகும்போது ரேஸ் குதிரைக்கு ரத்தம் கொதிக்கும். கருப்பனின் கழுத்தில் வியர்வை பூத்தது, வால் உயர்ந்தது. அந்தப் பெண் இழுக்கவில்லை. நான் வேலிக்கு வெளியே கூடவே நடந்து, குரல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பெரிய ஓட்டம் ஓடும் குதிரைகள் போகும்வரை ஓரத்தில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். மணி அடித்தது. கருப்பனின் இரண்டு காதும் முன்னால் போயின. எனக்கு மூச்சு நின்றது. பெண் ஏதோ சொன்னாள், தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை என்னிடமிருந்து பிடித்துக்கொண்ட 'ஹோ'தான் அது. நடையிலேயே உள்ளே போனார்கள். நடுக்கோட்டில் எக்ஸ் என்ற இடத்தில் நின்று நடுவருக்கு வணக்கம் சொல்லவேண்டும். ஒரு கையைக் கடிவாளத்திலிருந்து எடுத்துத் தலை வணங்கும்வரை குதிரை அசையக்கூடாது. கருப்பன் அசையவில்லை.

மற்றதெல்லாம் சுமார்தான். ஒரு வட்டம் முட்டையாகப் போனது. இடது பக்கத் திருப்பத்தில் கட்டையாகத் திரும்பியது. மதிப்பெண் நூற்றுக்கு அறுபதைத் தொடவில்லை, பரிசும் இல்லை. டாக்டர் என்னிடம் வந்து, அடுத்த முறை ஜெயிக்குமா என்று கேட்டார். ஜெயிக்கலாம், ஆனால் இன்றைக்கு அது செய்தது ஜெயிப்பதைவிடப் பெரிய காரியம் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. அவர் மகளுக்குப் புரிந்திருந்தது.

எல்லாக் குதிரையும் இப்படி ஆகாது. கருப்பனுக்குப் பிறகு வந்த ஒரு பெண் குதிரை, நியூசிலாந்து, சீக்கிரமே கற்றுக்கொண்டு கட்டை தாண்டிப் பரிசும் வாங்கியது. கால் நரம்பு போன இன்னொன்று எந்த மைதானத்தையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் தேய்த்துப் பழகவும், போனிக்குத் துணையாகவும் நின்று வயதானது. அதையும் நான் தோல்வி என்று எழுதமாட்டேன். பழக்குவது என்பது அந்தக் குதிரைக்கு என்ன முடியும் என்று கண்டுபிடிப்பது. அதற்கு முடியாததைக் கேட்டால் அது கொடுமை.

ரேஸ் காலத்தில் என்னோடு வேலை செய்த ஓர் ஆஸ்திரேலியக்காரர் தன் நாட்டில் வேட்டைநாய் ரேஸில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டு நாய்களை வீட்டில் வளர்த்தவர். அவர் சொன்னதும் இதே கதைதான். கூண்டிலும் டிராக்கிலும் வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டு தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது. நாய்க் கண்காட்சியில் நிறுத்தி நடுவர் பல்லைப் பார்க்கக் கைநீட்டினால் உடம்பு நடுங்கும். முதலில் நிற்கவும், அந்நியர் கை படுவதைப் பொறுக்கவும், ஓடாமல் மெல்லோட்டமாக வரவும் கற்றுக்கொடுக்கவேண்டும். பல ஆண்டுகள் கழித்து, 2018-இல் மக்காவ் நகரின் கெனிட்ரோம் நாய் ரேஸ் மைதானம் மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் அங்கே மிஞ்சின. பிராணிகள் நலச் சங்கத்தார் பல நாடுகளில் வீடு தேடி அவற்றை அனுப்பிவைத்தார்கள். செய்தியைப் படித்தபோது அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

குதிரைகளுக்கு இன்னும் நல்ல உதாரணங்கள் உண்டு. நெவில் பார்டோஸ் ஆஸ்திரேலிய ரேஸில் தோற்றுக் கசாப்புக்குப் போகவேண்டியிருந்த குதிரை. பாய்ட் மார்ட்டின் என்ற சவாரிக்காரர் அதை வாங்கிப் பழக்கினார். 2010 உலகக் குதிரையேற்றப் போட்டியில் அமெரிக்க அணிக்காகக் கலந்துகொண்டது. 2011-இல் லாயம் தீப்பிடித்து மூச்சுக் குழாய் வெந்தும், அதே ஆண்டு இங்கிலாந்தின் பர்லி போட்டியில் ஏழாவதாக வந்தது. பிரிட்டனில் ரேஸ் துறையே முன்வந்து 2000-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஓய்ந்த குதிரைகளை மறுபடி பழக்கவும், அவற்றுக்கென்று தனிப் போட்டி வகுப்புகள் நடத்தவும் செலவு செய்கிறது. அங்கே இது தர்மமாக நடக்கவில்லை, கடமையாக நடக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் பக்கம் காலம் வேகமாக மாறுகிறது. சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5-இல் கடைசி ரேஸை நடத்தி முடித்தது. 2025-இல் பினாங்கிலும் ரேஸ் நின்றது. மைதானம் மூடினால் நிலத்துக்கு விலை பேச ஆள் வருவார்கள். குதிரைக்கு அப்படி யாரும் வருவதில்லை, சைஸுக்கும் வருவதில்லை. தோட்டம் மூடியபோது என் அப்பா அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். இருபது முப்பது வருடம் குதிரைகளின் காலைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது பாதுகாவலர் வேலை பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதை எந்தச் சவாரிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

குதிரை வாங்கும் முதலாளிகளுக்குச் சொல்கிறேன்: வாங்கும் அன்றே அதன் ஓய்வுக் காலத்தின் முதல் ஓராண்டுக்குத் தீனிப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த ஓராண்டு கிடைத்தால் பெரும்பாலான குதிரைகளுக்கு அடுத்த வாழ்க்கை அமைந்துவிடும். சவாரிப் பள்ளி நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ரேஸ் குதிரையை வாங்கினால் அதைத் தேய்த்து வளர்த்த சைஸ் யாரென்று விசாரித்து அவரையும் கூடவே வேலைக்கு எடுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பழைய சைஸ் இருந்தால், தாத்தாவோ மாமாவோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.